மூத்தவளின் சம்மதம்

கடலூர் செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டை வாங்க ஆள் கிடைத்த அன்று, என்னென்ன காகிதம் சேர்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை. வீடு அம்மாவின் பெயரில் இருந்ததால் அவள் ஒருத்தியின் கையெழுத்து போதும் என்று பத்திரம் எழுதுபவர் சொல்லியிருந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு, இன்னொருத்தியும் சம்மதிக்க வேண்டும் என்றாள். அந்த இன்னொருத்தி என் அக்கா. அவள் செத்துப்போய் முப்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

நான் சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவள். ஒரு தாள் குறைந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதற்காக என்னைத் திட்டாதவர்கள் அந்த ஊரில் குறைவு. அப்படிப்பட்டவளுக்கே இந்தச் சம்மதத்தை எங்கே போய் வாங்குவது என்று தெரியவில்லை. சிரிப்பதா, கோபப்படுவதா என்றும் தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன்.

விற்கும் பேச்சே புயலால்தான் வந்தது. 2011 கடைசியில் அடித்த அந்தப் புயலை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுத் தென்னை சமையலறை மேல் சாய்ந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் அடுத்த தெருவில் கிடந்தன. சுற்றுச்சுவரில் பாதியைக் காணோம். அப்பா போன பிறகு நாலு வருஷமாக அம்மா அங்கே தனியாகத்தான் இருந்தாள். ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் சிதம்பரத்திலிருந்து நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. போனபோது அம்மா உள்ளறையில் ஒரு டிரங்குப் பெட்டியைப் பாலிதீன் தாளால் சுற்றி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். பெட்டி நனையவில்லை என்று பதில் சொன்னாள்.

சென்னையிலிருந்து தம்பி வந்தான். இனிமேல் அம்மாவைத் தனியாக விடுவதில்லை என்று இரண்டு பேரும் பேசி முடித்தோம். அவன் குடியிருப்பது லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி, அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் சிதம்பரத்தில் என்னோடு இருப்பது என்றும், இடிந்ததைச் சரிசெய்து வீட்டை விற்றுவிடுவது என்றும் முடிவாயிற்று. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தம்பி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். ஆண்பிள்ளைகளுக்கு அது ஒரு வசதி.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில், கல்யாணம் ஆகாமலோ சுமங்கலியாகவோ செத்துப்போன பெண்ணை வீட்டுச் சாமியாகக் கும்பிடுவார்கள். பூவாடைக்காரி என்று பெயர். ஒரு பெட்டியிலோ கூடையிலோ அவளுக்கென்று புதுத்துணி வைத்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் படையல் போட்டு, பழைய துணியை எடுத்துவிட்டு வேறு புதுத்துணி வைப்பார்கள். எடுத்த துணியை வீட்டுப் பெண் உடுத்திக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் பூவாடைக்காரி என் அக்கா. அந்த வீட்டைக் கட்டிக் குடிபோன மறு வருஷம், பதினோரு வயதில், மஞ்சள் காமாலையில் போனவள். எனக்கு அப்போது ஏழு வயது. வீட்டுப் பெண் என்று மிச்சமிருந்தது நான் ஒருத்திதான்.

படையல் எங்களுக்குப் பொங்கலுக்கு மறுநாள். முதல் சில வருஷம் அம்மா பாவாடை சட்டை வாங்கி வைத்தாள். அக்காவுக்குப் பதினாலு வயது ஆகியிருக்க வேண்டிய வருஷத்தில் தாவணிக்கு மாறினாள். பதினெட்டில் புடவை. செத்தவள் பெட்டிக்குள் முறைப்படி வளர்ந்துகொண்டிருந்தாள். போன வருஷத்துத் துணி எனக்கு வரும், அந்துருண்டையும் கற்பூரமும் கலந்த வாசனையோடு. நான் நாலு வயது சின்னவள் என்பதால் எல்லாமே தொளதொளவென்று இருக்கும். பாவாடையை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்துக் கொடுப்பாள். தீபாவளிக்கு எனக்கும் தம்பிக்கும் புதுசு உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மாட்டுப் பொங்கலன்று தெருவில் அத்தனை பெண்களும் புதுசில் நிற்கும்போது நான் மட்டும் அந்துருண்டை வாசனையில் நிற்பேன். சின்ன விஷயம்தான். சின்ன விஷயம் என்று நாற்பத்து நாலு வயதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகிப் போன பிறகும் இது நிற்கவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்குக் கடலூர் வந்து, பெட்டிப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுவேன். ஒருமுறை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக் கடையில், நாற்பது வயசுக்குத் தகுந்த மாதிரி, நல்ல சிவப்பா இருக்கிற பெண்ணுக்கு எந்தக் கலர் எடுக்கும் என்று அம்மா கேட்டாள். அவுங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாமே என்றார் கடைக்காரர். அவள் வரமாட்டாள் என்று அம்மா சாதாரணமாகச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எந்தக் கலர் எடுக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவை எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டால் அதற்கும் ஒழுங்கான பதில் கிடையாது. ஒரே ஒரு போட்டோ இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் நிற்கவைத்து எடுத்தது. வீட்டை ஒழிக்கும்போது அலமாரியிலிருந்து அது வந்தது. இரண்டாவது வரிசையில் இருப்பவள்தான் அக்கா என்றேன் நான். தம்பி கடைசி வரிசையில் இருந்த வேறொரு பெண்ணைக் காட்டினான். இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறையாகச் சண்டை போட்டோம். அம்மாவைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கப் பயமாக இருந்தது, போட்டோவைப் பழையபடி உறைக்குள் போட்டுவிட்டோம்.

சித்திரை முழுக்க வேலை நடந்தது. சனி ஞாயிறு வந்தால் நான் கடலூரில். கொத்தனார் சுவரை எடுத்துக் கட்டினார், சமையலறைக்குப் புது ஷீட் போட்டோம், வெளியே வெள்ளையடித்தோம். அந்த வருஷம் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இருட்டில் பரண் மேல் ஏறி எதை எடுக்கிறேன் என்றே தெரியாமல் கீழே போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. பித்தளை அண்டா, தையல் மெஷின், அப்பாவின் சைக்கிள், எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தாள். இத்தனை சுலபமாக ஒருத்தி வீட்டை ஒழிப்பாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. உள்ளறையை மட்டும் பெருக்கக்கூட விடவில்லை.

வீட்டைப் பார்க்க வந்தவர் பரங்கிப்பேட்டைக்காரர். ரொம்ப வருஷம் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், மகள்கள் கடலூரில் படிக்கிறார்கள் என்பதால் டவுனில் வீடு தேடினார். வெள்ளையடித்த சுவரை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கிணற்றிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு, நின்று நிதானமாகக் குடித்தார். தண்ணீர் பிடித்துவிட்டது, வீடும் பிடித்துவிட்டது. உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டால் பெரிய ஹால் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் போனார். அம்மா உள்ளறை வாசற்படியில் போய் நின்றுவிட்டாள். அவர் டிரங்குப் பெட்டியையும் அதன் மேல் இருந்த குங்குமத்தையும் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், உடனே பின்னால் நகர்ந்துகொண்டார். ஆறு வாரத்தில் தனக்கு லீவு முடிகிறது, அதற்குள் அம்மாவுக்குத் தோதுப்பட்ட நாளில் பத்திரம் முடித்தால் போதும் என்று வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அவர் போன பிறகு அம்மாவிடம் கத்தினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இப்போது வழிமறித்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அம்மா சத்தம் போடவில்லை.

"பதினோரு வயசுப் புள்ளைய அடுத்தவங்க வீட்ல தனியா வுட்டுட்டு வரச் சொல்றியா?" என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஆயிற்று என்றேன். பெட்டியைத் தூக்கலாம், அவள் கூட வருகிறாளா என்று யாருக்குத் தெரியும் என்றாள். அக்கா சரி என்று சொல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னாள். இது நடக்காவிட்டால் வீடு விலை போகாது. அதுகூடப் பரவாயில்லை. அடுத்த புயலிலும் அம்மா தனியாக அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பாள்.

விசாரிக்க ஆரம்பித்தேன். பூவாடைக்காரி ஆண்பிள்ளை வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார் ஒரு பெரியப்பா. தம்பி மனைவிக்குப் போன் செய்தேன். தங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் இல்லை, பிள்ளைகள் பயப்படும் என்று அவள் தன்மையாகத்தான் சொன்னாள், அவள் மேல் தப்பில்லை. என் கணவர் வீட்டிலோ ஏற்கெனவே ஒரு பூவாடைக்காரி உண்டு, ஒரு வீட்டில் இரண்டு ஆகாது என்றார்கள். சிதம்பரத்தில் ஓர் ஐயர், பெட்டியில் இருப்பதைக் கடலில் போய்க் கரைத்துவிட்டால் தீர்ந்தது என்றார். கரைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள் எதிர்வீட்டு அம்மா. பழைய வீட்டிலிருந்து ஒரு பிடிமண் எடுத்துப்போனால் போதும் என்றார் அலுவலகத்தில் ஒருவர். அதையெல்லாம் டைரியில் வரிசையாகக் குறித்துக்கொண்டேன், படித்துப் பார்த்தேன், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. நான் நம்புகிறேனா இல்லையா என்பதும் அதில் எங்கேயோ தொலைந்துபோனது.

கடைசியில் எங்கள் வீட்டுப் படையலுக்கு வருஷா வருஷம் வந்து பம்பை மேளம் அடித்துப் பாடும் பம்பைக்காரரிடம் போனேன். நான் சொன்ன அத்தனை யோசனைகளையும் வெற்றிலை போட்டபடி கேட்டார்.

"ஊரை எல்லாம் கேட்டிங்களே, வரவேண்டியது யாரு? அவுங்களையே கேட்டா ஆச்சு" என்றார்.

கிணற்றங்கரையில் அழைப்பது என்று ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தோம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. பூவாடைக்காரி பேச வேண்டுமானால் குடும்பத்தில் யார் மேலாவது அருள் வர வேண்டும். முன்பெல்லாம் அத்தை மேல்தான் வரும், அப்பாவின் தங்கை. அத்தை செத்து ஆறு வருஷம் ஆயிற்று. அதன் பிறகு படையலில் யார் மேலும் வரவில்லை, பம்பை அடித்துவிட்டுச் சாப்பிட்டுப் போய்விடுவோம். இந்தமுறை யார் மேல் வரும் என்று கேட்டேன். வரவேண்டியவங்க வருவாங்க என்றார் பம்பைக்காரர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் மூன்று பேர், பம்பைக்காரர், அவரோடு உடுக்கை அடிக்கும் ஒருவர். வேறு யாரையும் அம்மா கூப்பிடவில்லை. கிணற்றுத் தண்ணீரைப் புதுப் பானையில் மொண்டு, வேப்பிலை செருகி, பூச்சுற்றி, பெட்டியிலிருந்த புடவையைப் பக்கத்தில் வைத்தார்கள். பம்பை முழங்க ஆரம்பித்தது. குடும்பத்தில் போனவர்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிப் பாடிக்கொண்டு வந்தவர், அக்காவிடம் வந்ததும் அதிலேயே நின்று திரும்பத் திரும்பப் பாடினார். யார் மேலும் ஒன்றும் வரவில்லை. தம்பி கைகட்டி நின்றான். அம்மா கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு அரை மணி நேரத்துக்கு மேல் போயிற்று. அவருக்குத் தொண்டை கட்டியது, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டே வந்தது. வராது, இந்தப் பிள்ளை வராது, நான் இங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆடினேன்.

அத்தை ஆடியதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தானே, எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலில் தோள், பிறகு தலை. கொண்டையை நானே அவிழ்த்துவிட்டேன். நாற்பத்து நாலு வயது அரசாங்க ஊழியர் கிணற்றங்கரையில் தலைவிரித்து ஆடுகிறேனே என்று உள்ளே ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். பம்பை வேகம் பிடித்தது. வந்திருக்கிறது யார் என்று கேட்டார். மூத்தவ என்றேன். சத்தியமா என்று கேட்டு வெற்றிலையில் கற்பூரத்தைக் கொளுத்தி என் உள்ளங்கையில் வைத்தார். சுடவே இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நன்றாகச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இந்த இடத்தை விட்டு வரச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன். யார்கூட வருவாய் என்றார். அம்மாகூட என்றேன். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு விம்மினாள். காரியம் முடிந்தது என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வழக்கப்படி பம்பைக்காரர் கடைசிக் கேள்வியையும் கேட்டார், எப்போதும் கேட்பதுதான், அதை நான் மறந்துபோயிருந்தேன்.

"உனக்கு என்னா வேணும் தாயி, கேளு."

"புதுசு வேணும்" என்றேன். "பொட்டியிலேர்ந்து எடுத்தது வாணாம். எனக்குன்னு எடுத்த புதுசு வேணும்."

யோசித்துச் சொல்லவில்லை. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தோளும் தலையும் நான் ஆட்டியது, கற்பூரம் நான் பொறுத்துக்கொண்டது, மூத்தவ என்பது நான் சொன்ன பொய். இது மட்டும் என்னைக் கேட்காமல் வந்தது. சொன்ன பிறகு அழ ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. பம்பைக்காரர் வேப்பிலையால் தண்ணீர் தெளித்தார். எடுத்துக் குடுத்துடுங்கம்மா என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என் பக்கத்தில் வந்து குனிந்தாள். என் முகத்தைக் கையால் தூக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"எம்மேல கோவமாடி?" என்று கேட்டாள்.

அக்காவைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அக்காவுக்குக் காமாலை வந்தபோது முதல் நாலு நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நாலு நாள் அம்மாவை எப்படி அரித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் கோவம் இல்லம்மா என்று அக்காவுக்காகச் சொன்னேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மறுநாளே தம்பி திருப்பாதிரிப்புலியூர் போய் ஒரு பட்டுப்புடவை எடுத்துவந்தான். அக்கா கேட்டுச்சே என்று அவன் அதைக் கொடுத்தபோது அவன் கண்ணும் கலங்கியிருந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். பிறகு பெட்டியில் வைத்து மூடினாள். நான் கேட்ட புதுசும் பெட்டிக்குத்தான் போயிற்று. யாரிடம் போய்ச் சொல்வது, எனக்குச் சிரிப்பு வந்தது.

பத்திரப் பதிவுக்கு நாள் வந்தது. அதற்கு முந்தைய பத்து நாளும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஏமாற்றிவிட்டேன் என்று ஒரு சமயம் தோன்றும். அம்மாவுடைய நல்லதுக்குத்தானே என்று இன்னொரு சமயம் தோன்றும். கடைசியாகச் சொன்னது என் பேச்சுதானா, ஒருவேளை உண்மையிலேயே அவள் வந்துவிட்டாளா என்றும் குழப்பம். ஆனால் அவள் வந்திருந்தால் எதற்குப் புதுசு கேட்க வேண்டும்? இதை எந்தப் பக்கம் திருப்பினாலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. போலிக் கையெழுத்தோடு ஒரு கோப்பு வந்தால் நான் அனுப்புவேனா? மாட்டேன்.

சார்பதிவாளர் அலுவலக வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தம்பியும் வாங்குபவரும் நகல் எடுக்கப் போயிருந்தார்கள். இன்னும் நாலைந்து பேருக்குப் பிறகு எங்கள் முறை. இப்போது சொன்னால் அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான், எல்லாம் பாழ். ஆனாலும் சொன்னேன்.

"அம்மா, அன்னிக்கு வந்தது அக்கா இல்ல. நான்தான் ஆடுனேன்."

"தெரியும்" என்றாள் அம்மா.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"நீ கேட்டப்பவே. அவளுக்கு நான் என்னிக்குப் பழசு குடுத்தேன், புதுசு கேக்கறதுக்கு? உன்னைத்தான் கோவமான்னு கேட்டேன். நீ இல்லன்னு சொன்ன."

கோவம்தான் என்று இப்போது சொல்லலாமா, சொன்னால் என்ன ஆகும், அறுபத்தெட்டு வயதுக் கிழவியிடம் பாவாடைக் கணக்கு கேட்பது நியாயமா என்று என்னென்னவோ ஓடியது. அம்மா என் உள்ளங்கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். கற்பூரம் சுட்ட இடத்தில் தோல் உரிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துவிட்டு விட்டுவிட்டாள். அதற்குள் எங்களைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே போட்டோ எடுத்தார்கள், ரேகை வைக்கச் சொன்னார்கள். அதிகாரி பத்திரத்தைப் புரட்டிவிட்டு அம்மாவைப் பார்த்து, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். நீங்களாகச் சம்மதப்பட்டுத்தானே விற்கிறீர்கள், யாரும் வற்புறுத்தவில்லையே என்றார். தம்பி என்னைப் பார்த்தான். வாங்குபவர் தரையைப் பார்த்தார். அம்மா மேசை மேல் இருந்த பேனாவைப் பார்த்தபடியே நின்றாள். இல்லை என்று சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம், வீடும் வேண்டாம் விற்பனையும் வேண்டாம் என்று என் மனசு சொன்னது.

"சம்மதந்தான்" என்றாள் அம்மா. "சின்னவ கூப்புடறா. போறேன்."

அதிகாரிக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மா குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று நாள் கழித்துச் சாவியைக் கொடுத்தோம். பரங்கிப்பேட்டைக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். நல்லபடியா இருங்க என்று அம்மா அவருடைய மகள்களின் கன்னத்தைத் தொட்டுச் சொன்னாள். கட்டில், பீரோ, டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தம்பி டெம்போவில் முன்னால் போய்விட்டான். ஒரு வீட்டில் இரண்டு ஆகாது என்ற பேச்சை என் கணவர் ஒருவாறு சமாளித்து, பெட்டிக்குப் பின்னறையில் இடம் பண்ணி வைத்திருந்தார். நானும் அம்மாவும் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தேன். பஸ் கிளம்பிய பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவ பொட்டிகூட வந்தாளோ, அங்கியே நின்னுட்டாளோ, எனக்குத் தெரியலடி" என்றாள். "நான் உங்கூட வரேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏழு வயதிலிருந்து காத்திருந்த சந்தோஷம் அது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துக் கேவலமாகவும் இருந்தது, ஒரு சின்னப் பெண்ணிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது போல. இரண்டில் எது நான் என்று எனக்குப் புரியவில்லை. கண்டக்டர் வந்து நின்று எத்தனை டிக்கெட் என்று கேட்டார். சிதம்பரம் ரெண்டு என்றேன். அதைக் கேட்டதும்தான் அம்மா அழ ஆரம்பித்தாள்.